வெட்டுப்பட்ட தலைகள்

பழைய காசு சேர்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: "இது முன்னாடி யாருகிட்ட இருந்துச்சு?" பெரிய பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டால் மவுசு கூடிவிடும். ரோமப் பேரரசர் திபேரியசின் வெள்ளிக்காசை மேலை நாடுகளில் தேடி வாங்குகிறார்கள். ஏசுவிடம் காட்டப்பட்ட வரிக்காசு இந்த வகைதான் என்ற நம்பிக்கை.

அதே வகைக் காசுகள் நம்ம கோவைக்குப் பக்கத்திலேயே கிடைத்தன. நொய்யல் கரை வெள்ளலூரில் 1842இல் வந்த புதையலில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள் ஐந்நூறுக்கும் மேல். பாலக்காட்டுக் கணவாய் வழியே நடந்த வணிகத்தின் மிச்சம். படியூர் பெரில் கல்லுக்கோ, கொடுமணல் மணிக்கோ கைமாறியிருக்கலாம். புதைத்தவருக்குப் பெயரில்லை.

பெயரில்லாதவர்களும் தடம் விட்டிருக்கிறார்கள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசனின் தலைமீது உளிவெட்டு. இனி இது காசில்லை, வெறும் தங்கம் என்று யாரோ முடிவெடுத்ததாகச் சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்தியாவில் கிடைத்த வேறு சில பொற்காசுகளில் துளை. நகையாகக் கோத்துப் போட்டிருக்கிறார்கள்.

சந்தையில் இதெல்லாம் சேதம், விலை இறங்கும். பிரபுவின் அலமாரியில் தூங்கிய காசுக்கு மதிப்பு, ஒருத்தி கழுத்தில் கிடந்ததற்குக் கழிவு! பாட்டியின் காசுமாலையை எடைக்குப் போட மனசு வராத கொங்கு வீடுகளுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது.

புதையலைப் பிரித்து விற்றால் ஊர்ப்பெயரும் உதிர்ந்துவிடும். பெயரில்லாத அந்த உடைமையாளருக்கு நம்மிடம் மிஞ்சியிருப்பது 'வெள்ளலூர்' என்ற ஒற்றைச் சொல்தான்.