காரின் பின் ஸ்பாய்லரை வீட்டிலேயே கழற்றலாம். ஓட்டைகளுக்கு என்ன வழி?

பழைய கார் வாங்கும்போது சில வேளைகளில் ஸ்பாய்லரும் சேர்ந்தே வந்துவிடுகிறது. முந்தைய உரிமையாளர் ஆசை ஆசையாய் மாட்டிய பெரிய இறக்கை, அடுத்து வாங்கும் குடும்பத்தாருக்குப் பிடிக்காமல் போகலாம். சிலருக்கு அது பின்கண்ணாடியை மறைக்கிறது. சிலருக்கு அதன் சாயம் வெயிலில் உரிந்து கார் முழுவதையுமே பழசாகக் காட்டுகிறது. இன்னும் சிலர், பூட்டுக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போய் ஸ்பாய்லரின் ஸ்குரூ ஓட்டைகளில் வந்து நிற்கிறார்கள்.

ஸ்பாய்லரைக் கழற்றுவது பெரிய வேலை அல்ல. சாதாரண செடான் காரில், துருப்பிடிக்காத நட்டுகளாக இருந்தால், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கழற்றிய பிறகு பூட் மூடியில் தெரியும் ஓட்டைகள்தாம் உண்மையான வேலை. பிற்பகலில் கொட்டும் நம் நாட்டு மழைக்கு ஒரு சிறிய ஓட்டை போதும். எனவே முதல் நட்டில் ஸ்பானரை வைப்பதற்கு முன்பே, அந்த ஓட்டைகளை எப்படி மூடுவது என்பதை முடிவு செய்துவிடுவது நல்லது.

கழற்றினால் கார் ஆடுமா?

பலரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஸ்பாய்லர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'கெடுப்பது' என்று பொருள். அது கெடுப்பது காரின் அழகை அல்ல, காற்றின் ஓட்டத்தை. (அழகையும் கெடுக்கிறது என்பார் உண்டு; அது வேறு விவாதம்.) கூரை வளைவின் மேல் விரைந்து செல்லும் காற்று காரின் பின்பகுதியைச் சற்றே மேலே தூக்கப் பார்க்கும். அந்த ஓட்டத்தைக் குலைத்துத் தூக்கலைக் குறைப்பதே ஸ்பாய்லரின் பணி. 1970களின் தொடக்கத்தில் வந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் காரின் 'வாத்துவால்' ஸ்பாய்லர் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

காற்றின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். மணிக்கு 55 கிலோமீட்டரில் இருப்பதைப்போல் 110 கிலோமீட்டரில் நான்கு மடங்கு. நகரச் சாலையில் அந்த விசை மிகக் குறைவு. நெடுஞ்சாலையின் உச்ச வரம்பான 110 கிலோமீட்டரிலும், அக்சசரி கடையில் வாங்கி மாட்டிய ஸ்பாய்லர் இருப்பதும் இல்லாததும் சாதாரண குடும்பக் காரில் பெரும்பாலும் தெரியாது.

ஆனால் தொழிற்சாலையிலேயே காரின் வடிவத்தோடு சேர்த்து வடிவமைத்த ஸ்பாய்லர் அப்படியல்ல. 1998இல் வெளிவந்த முதல் தலைமுறை ஆடி டிடி காரில் பின் ஸ்பாய்லர் இல்லை. ஐரோப்பாவில் அதிவேகத்தில் நிகழ்ந்த விபத்துகளுக்குப் பிறகு, விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, மற்ற மாற்றங்களோடு பின் ஸ்பாய்லரையும் அந்நிறுவனம் பொருத்திக் கொடுத்தது. ஆகவே விளையாட்டு ரகக் காரில் நிறுவனமே பொருத்தித் தந்த ஸ்பாய்லரை, பார்க்கப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் கழற்றாமல் இருப்பதே மேல்.

எப்படி ஒட்டியிருக்கிறது?

ஸ்பாய்லர் ஸ்குரூவில் நிற்கிறதா, டேப்பில் நிற்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பூட்டைத் திறந்து, மூடியின் உட்புறத் துணி உறையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை எடுத்தால் உள்ளே தகடு தெரியும். ஸ்பாய்லரின் கால்கள் அமர்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே நட்டுகள் இருந்தால் அது ஸ்குரூ வகை. ஒன்றும் இல்லையென்றால் டேப் வகை. இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு: நடுவில் டேப், இரு ஓரங்களில் ஸ்குரூ. நட்டுகளை எடுத்த பிறகும் ஸ்பாய்லர் அசையவில்லை என்றால், பலம் கொண்டு இழுக்காமல் டேப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இழுத்தால் தகடு வளையும்.

ஸ்குரூ வகைக்குப் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் சொக்கெட்டும் நீட்டுக் கம்பியும் போதும். பழைய நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே அடித்து வைக்கலாம். நட்டைச் சுற்றும்போது உள்ளே இருக்கும் ஆணியும் சேர்ந்து சுற்றினால், பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைப் பிடி கழன்றுவிட்டது என்று பொருள். அதற்கு மேல் முறுக்கிப் பயன் இல்லை. ஒருவர் ஸ்பாய்லரை மேலே மெல்லத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் சுற்றிப் பார்க்கலாம். அப்போதும் வராவிட்டால் பட்டறைக்குப் போவதே சரி.

கழன்ற நட்டு மூடியின் இரு தகடுகளுக்கு நடுவே விழுந்துவிட்டால், ஒவ்வொரு மேட்டிலும் அது 'கடகட' என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். சொக்கெட்டுக்குள் ஒரு துண்டு டிஷ்யூ தாளைத் திணித்துக்கொண்டால் நட்டு அதிலேயே சிக்கி வெளியே வரும்.

வேலையைத் தொடங்கும் முன் ஸ்பாய்லரின் ஓரத்தைச் சுற்றிச் சாயம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் காகித டேப்பை ஒட்டிவிட வேண்டும். கடைசி நட்டு வரும்போது ஆள் பிடிக்காவிட்டால் ஸ்பாய்லர் சரிந்து மூடியைக் கீறிவிடும். அந்தக் கீறலுக்கு ஆகும் செலவில் வேலையைப் பட்டறையிலேயே முடித்திருக்கலாம்.

டேப் வகைக்குச் சூடு வேண்டும். தலைமுடி உலர்த்தும் டிரையர் போதும். சாயத்தைக் கொப்பளிக்க வைக்கும் ஹீட் கன் வேண்டாம். நண்பகலில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார் என்றால் பாதி வேலையை வெயிலே செய்துவிடும். கை பொறுக்கும் அளவுக்குச் சூடு ஏறியதும், தூண்டிலுக்குப் பயன்படும் தங்கூசி நரம்பை ஸ்பாய்லருக்கும் மூடிக்கும் இடையே நுழைத்து, இரு முனைகளையும் பிடித்து ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். கையுறை இல்லாமல் செய்தால் நரம்பு விரலை அறுக்கும். ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்புவது மட்டும் கூடாது.

மூடியில் மிஞ்சும் பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுக்கலாம். துரப்பணத்தில் மாட்டும் ரப்பர் சக்கரம் இன்னும் விரைவு. பசை நீக்கும் திரவத்தை மறைவான ஓர் இடத்தில் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். தின்னர் தொடவே கூடாது. முக்கியமாக, ஒருமுறை மறுபடி சாயம் அடித்த காராக இருந்தால், டேப்போடு சாயமும் உரிந்து வரக்கூடும். அப்படிப்பட்ட காரில் முதலில் ஓரத்தில் சிறிதளவு அறுத்துப் பார்த்து, சாயம் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது பிரேக் விளக்கு

பல ஸ்பாய்லர்களின் நடுவில் ஒரு சிவப்பு பிரேக் விளக்கு இருக்கும். அது அலங்காரம் அல்ல. பின்னால் வருபவரின் கண் மட்டத்தில் எரிந்து, முன்னால் இருக்கும் கார் நிற்பதைச் சட்டென்று உணர்த்துவதே அதன் நோக்கம். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாடல் முதல் புதிய பயணிகள் கார்கள் அனைத்துக்கும் இவ்விளக்கு கட்டாயமாக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

பின்கண்ணாடிக்கு உள்ளே ஏற்கனவே ஒரு பிரேக் விளக்கு இருந்தால் கவலை இல்லை. ஸ்பாய்லரில் மட்டுமே இருந்தால், கழற்றும் அன்றே கண்ணாடியின் உட்புறம் ஒட்டக்கூடிய விளக்கு ஒன்றை வாங்கி அதே கம்பியில் இணைத்துவிட வேண்டும். எல்இடி விளக்குக்குக் கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் எரியாது. இடம் மாற்றி இணைத்தால் எரியும். கம்பியில் கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். பயன்படுத்தாத கம்பியை அறுத்துத் தொங்கவிடாமல், முனையை டேப்பால் சுற்றி மூடிக்குள் கட்டி வைக்க வேண்டும். வாகனப் பரிசோதனையில் விளக்குகளும் பார்க்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஓட்டைகளுக்கு மூன்று வழிகள்

ஸ்பாய்லரின் கால்கள் இருந்த இடத்தில் இரண்டு முதல் ஆறு ஓட்டைகள் வரை தெரியலாம். விளக்குக் கம்பி நுழைந்த ஓட்டை தனி. வீட்டில் துரப்பணம் வைத்துத் துளைத்த ஓட்டையாக இருந்தால், அதன் விளிம்பில் சாயம் இருக்காது. துரு தொடங்குவது அங்கேதான். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் விளிம்பைத் தேய்த்துத் துருவை எடுத்து, துரு தடுக்கும் பிரைமர் பூசி, காய விட வேண்டும்.

மலிவான வழி ரப்பர் அடைப்பு. ஓட்டையின் அளவுக்கு ஏற்ற அடைப்பை ஹார்டுவேர் கடையில் வாங்கி, சுற்றிலும் சிலிக்கான் பசை வைத்து அழுத்தினால் தண்ணீர் நிற்கும். அந்தச் சிலிக்கானில் கவனம் தேவை: காயும்போது புளிக்காடி வாடை வீசும் வகை இரும்பை அரிக்கும். வாடை இல்லாத 'நியூட்ரல்' வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அடைப்பு வெளியே கறுப்புப் புள்ளிபோல் தெரியும். அது பரவாயில்லை என்பவர்களுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, தட்டிச் சாயம் அடிக்கும் பட்டறையில் ஓட்டையைத் தகடு வைத்து வெல்டிங் செய்து மறுபடி சாயம் அடிப்பது. நிரந்தரத் தீர்வு இதுதான். ஆனால் சிலர் வெல்டிங் இல்லாமல் ஓட்டையின் மேல் புட்டியை மட்டும் அப்பிச் சாயம் அடித்துத் தருவது உண்டு. வெயிலிலும், மூடியை அடித்துச் சாத்தும் அதிர்விலும் அந்தப் புட்டி விரிசல் விடும். தண்ணீர் அதற்குள் இறங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். 'தகடு வைப்பீர்களா, புட்டி மட்டுமா?' என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

மூன்றாவது வழி பலருக்குத் தோன்றுவதில்லை. புரோட்டோன் வீரா, சாகா போன்று பெருமளவில் விற்ற மாடல்களுக்குப் பழைய உதிரிபாகக் கடைகளில் ஓட்டை இல்லாத பூட் மூடியே கிடைக்க வாய்ப்புண்டு. அதே நிறத்தில் கிடைத்துவிட்டால், வெல்டிங்குக்கும் சாயத்துக்கும் ஆகும் மொத்தச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

எந்த வழியானாலும், சாயத்தில் ஒரு நிழல் மிஞ்சக்கூடும். பல ஆண்டுகள் வெயில் படாமல் ஸ்பாய்லருக்கு அடியில் இருந்த சாயம் புதிதாகவும், சுற்றியுள்ளது வெளிறியும் தெரியும். பாலிஷ் போட்டால் வேறுபாடு குறையும். சிவப்பு நிறக் கார்களில் அது முழுவதும் மறையும் என்று எதிர்பார்க்க முடியாது.

மைவி போன்ற கார்களில்

மைவி போன்ற ஹேட்ச்பேக் கார்களில் ஸ்பாய்லர் கூரையின் விளிம்பில், பின்கதவின் மேல் இருக்கும். பிரேக் விளக்கு, சில மாடல்களில் கண்ணாடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் ஆகியவை அதற்குள்ளேயே போகும். கழற்றினால் அடியில் இருக்கும் கதவுத் தகடு, வெளியே காட்டுவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. ஓட்டைகளும் பள்ளங்களுமாக இருக்கும். இவ்வகைக் காரில் உடைந்ததை மாற்றுவதற்காகக் கழற்றுவது சரி. ஸ்பாய்லரே இல்லாமல் ஓட்ட நினைப்பது வீண் வேலை. மாற்றும்போதும் புதிய கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பழையவை எடுக்கும்போதே உடைவது வழக்கம்.

முடித்ததும் செய்ய வேண்டியது

பசை ஒரு நாள் காய்ந்த பிறகு, பூட்டில் உதிரி டயர் இருக்கும் பள்ளத்தில் பழைய நாளிதழை விரித்து, மூடியைச் சாத்தி, குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்க வேண்டும். தாள் நனைந்திருந்தால் எந்தப் பக்கம் நனைந்தது என்பதே கசியும் ஓட்டையைக் காட்டிக் கொடுக்கும். காய்ந்திருந்தால் உறையை மாட்டிவிடலாம்.

கனமான ஸ்பாய்லர் போன பிறகு பூட் மூடி முன்பைவிட வேகமாகத் துள்ளித் திறக்கும். ஸ்பாய்லரின் எடைக்கு ஏற்ப மூடியின் முறுக்குக் கம்பிகள் இறுக்கி வைக்கப்பட்டிருந்தால் அது இன்னும் கூடுதலாக இருக்கும். பட்டறையில் ஒரு படி தளர்த்திக்கொள்ளலாம். அதுவரை திறக்கும்போது மூடியின் மேல் ஒரு கையை வைத்துக்கொள்ள வேண்டும், குறிப்பாகப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது.