கணக்கு இருந்தால் காலண்டர்

2004 ஜனவரியில் எங்கள் வீட்டுக்கு உரக்கடைக் காலண்டர் வரவில்லை. பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம், எனக்குப் பத்து வயது. டிசம்பர் 31-ஐக் கிழித்த பிறகும் பழைய அட்டை ஆணியில் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நானே கடையில் போய்க் கேட்டேன். "அப்பாவை வரச் சொல்லு தம்பி" என்றார் கடைக்காரர். வீட்டில் வந்து சொன்னேன். அப்பா திட்டவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

சும்மா கொடுக்கிற ஒரு அட்டைக்கு இவ்வளவா என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பெயர் போட்டுச் சும்மா கொடுக்கிற பொருளின் கதை அச்சு இயந்திரத்தை ஒட்டியே போகிறது. 1880-களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கோஷாக்டன் என்ற சிற்றூரில் ஜாஸ்பர் மீக் பத்திரிகை நடத்தினார். பத்திரிகை அடிக்காத நேரத்தில் இயந்திரம் சும்மா கிடந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான சாக்குத்துணிப் பையில் ஒரு செருப்புக்கடையின் பெயரை அடித்துக் கொடுத்தார். பிள்ளைகள் புத்தகத்தோடு கடைப் பெயரையும் ஊரெல்லாம் சுமந்தார்கள். 1889-ல் அயோவா மாநிலத்து ரெட் ஓக்கில் எட்மண்ட் ஆஸ்பர்னும் தாமஸ் மர்ஃபியும் ஊரின் புது நீதிமன்றக் கட்டடத்தின் படத்தை அச்சிட விரும்பினார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை. படத்தைச் சுற்றி உள்ளூர்க் கடைகளின் விளம்பரம், கீழே தேதித்தாள் என்று போட்டுச் சமாளித்தார்கள். படக் காலண்டர் ஒரு தொழிலாக வளர்ந்தது இதிலிருந்துதான்.

நம்மூரில் இதன் தலைநகரம் சிவகாசி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அந்த அச்சகங்கள் பிறகு காலண்டரும் அடித்தன. கோவில்பட்டியில் இருந்த கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் வீடு வீடாகப் போனார்கள். சாமி படம் மொத்தமாக அச்சாகிவிடும், கடைப் பெயருக்கு மட்டும் இடம் காலியாக இருக்கும். சாமியைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. அதனால் கடைக்காரரும் சுவரில் பத்திரமாக இருப்பார். ராகு காலம் பார்க்கிற ஒவ்வொரு நாளும் அவர் பெயரும் கண்ணில் படும்.

அடுத்த வருஷக் காலண்டரின் மாதிரி ஆல்பத்தைச் சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவது வழக்கம். டெல்டாவில் அது காவிரிக்குப் படையல் போடுகிற நாள். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் அதற்குள் ஆற்றில் தண்ணீர் ஓடும். 2002-லும் 2003-லும் அப்படித் திறக்கவில்லை, குறுவை போச்சு. எங்கள் ஊரில் அடிபம்பு பக்கத்தில் படையல் போட்டார்கள். சிவகாசியில் ஆல்பம் வழக்கம்போல வந்திருக்கும்.

உரக்கடையில் டிஏபி, யூரியா, பூச்சிமருந்து எல்லாமே கடன்தான். நோட்டில் எழுதிக்கொள்வார், அறுவடை முடிந்து கொடுக்க வேண்டும். கடனுக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை. அந்த வித்தியாசத்தில்தான் காலண்டர் காசும் அடங்கியிருந்தது. காலண்டர் எல்லோருக்கும் கிடையாது, கணக்கு ஓடுகிறவர்களுக்கு மட்டும்தான். வாசலில் வருகிறவர்கள் சுவரைப் பார்த்தே இந்த வீட்டுக்கு இன்ன கடையில் கடன் கிடைக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். வெறும் ஆணியைப் பார்த்தால், கிடைக்கவில்லை என்றும் தெரிந்துகொள்வார்கள். அப்பா சாப்பிடாமல் படுத்தது அதற்காக.

அந்த மாசமே அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. அடகுச் சீட்டோடு ஒரு காலண்டரும் கொடுத்தார்கள். அதில் லட்சுமி கையிலிருந்து பொற்காசு கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் முழுக்க எங்கள் ஆணியில் அதுதான் தொங்கியது. அம்மா தினமும் அதில்தான் தேதி கிழித்தாள்.

போன பொங்கலுக்கு என் கம்பெனி கொடுத்த காலண்டரை ஊருக்கு எடுத்துப் போனேன். வழவழ தாள், மலைப் படங்கள், மூலையில் கம்பெனி லோகோ. அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராகு காலம் போடலியே" என்றார். பிறகு லோகோவைக் காட்டிக் கேட்டார்:

"ஏந்தம்பி, ஒனக்கு அங்க எவ்வளவு பாக்கி நிக்குது?"