பென்னி குக் காலத்துக் காலராவும் நம்ம காலத்து மாத்திரையும்

எங்க கம்பம் பள்ளத்தாக்கில் பென்னி குக் படம் மாட்டாத டீக்கடையைத் தேடித்தான் பிடிக்கணும். முல்லைப் பெரியாறு அணைக்காக அவர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த வேலையில் (1887 முதல் 1895 வரை) காலராவும் மலேரியாவும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களைக் கொன்றதை அதிகம் பேர் பேசுவதில்லை.

காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884க்குள் அடையாளம் கண்டுவிட்டார். ஆனால் அதைக் கொல்ல மருந்து இல்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மலத்தைத் தண்ணீரில் சேரவிடாதே... அவ்வளவுதான் வழி.

1940களில் ஆன்டிபயாடிக் வந்தது. 1948ல் டைபாய்டுக்குக் குளோராம்பெனிகால். அமெரிக்க நகரங்கள் அதற்கு முன்பே தண்ணீரை வடிகட்டி, குளோரின் போட்டு டைபாய்டைப் பெரும்பாலும் விரட்டியிருந்தன. நமக்கோ சாக்கடை வசதிக்கு முன்னாடியே மாத்திரை வந்து சேர்ந்துவிட்டது! அழுக்குத் தண்ணீர் அப்படியே இருக்க, காய்ச்சல் வந்தால் மாத்திரை என்று பழகிவிட்டோம்.

அதற்கான பில் 1972ல் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம், கோழிக்கோட்டில், குளோராம்பெனிகாலுக்கு அடங்காத டைபாய்டு பரவியது. அதே வருஷம் மெக்சிகோவிலும். மருந்தைத் தாங்கும் மரபணுவை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றிவிட முடியும் என்பதுதான் இதில் பயங்கரம். 1990 வாக்கில் மூன்று பழைய மருந்துகளும் ஒன்றாகத் தோற்றன. பிறகு சிப்ரோபிளாக்சசின், அதுவும் சீக்கிரமே வலுவிழந்தது. 2016ல் பாகிஸ்தானின் ஹைதராபாத்தில் செப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அடங்காத டைபாய்டு கிளம்பியது. வாய்வழி கொடுக்க மிஞ்சியது கிட்டத்தட்ட அசித்ரோமைசின் ஒன்றுதான்.

அதற்குப் பாகிஸ்தான் கையில் எடுத்தது தடுப்பூசியை. நம்ம ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் தயாரித்த டைபாய்டு தடுப்பூசி! 2019ல் அதைக் குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் சேர்த்த முதல் நாடு பாகிஸ்தான். எத்தனை மருந்தைத் தாங்கும் கிருமியாக இருந்தாலும், நோயே வராத பிள்ளைக்கு மருந்து எதற்கு?

கோழிப் பண்ணையிலும் இதே கதைதான். கொட்டகையைச் சுத்தமாக வைப்பதற்குப் பதில் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்தார்கள். மனிதனுக்குக் கடைசி ஆயுதமான கொலிஸ்டினைக்கூட விட்டுவைக்கவில்லை. 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைக் கால்நடை, கோழிகளுக்குத் தடை செய்தது. எச்சத்தோடு போகும் மருந்தும் கிருமியும் மண்ணுக்கும் ஓடைக்கும்தானே போகும்?

புது மருந்து வருமே என்கிறீர்களா? காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் இதைச் சொல்லியே ஆகணும். அச்சாஜென் என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு 2018ல் புது ஆன்டிபயாடிக்குக்கு அனுமதி கிடைத்தது. 2019ல் திவால்! சுகர் மாத்திரை மாதிரி வாழ்நாள் முழுக்க விற்கும் சரக்கு இல்லை இது. ஆபத்துக்கு மட்டும், சில நாள் மட்டும். எந்த முதலாளி பணம் போடுவான்?

அணைத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. கம்பம், சின்னமனூர் என்று ஊர் ஊராகத் தாண்டும்போது முல்லையாற்றில் சாக்கடை கலக்கிறது. அதே ஆற்றில்தான் கீழே உள்ளவர்கள் குளிக்கிறார்கள், மாடு குடிக்கிறது.