காணாமற்போன பேஸ் கித்தார்



பழைய இசைக்கருவி ஒன்றை விலைபேச வருபவர் முதலில் கேட்கும் கேள்வி, "நிலை எப்படி?" என்பதுதான். இச்சிறு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. கருவி இன்னும் இசைக்கிறதா என்பது ஒன்று. செய்யப்பட்ட நாளில் இருந்தபடியே இருக்கிறதா என்பது மற்றொன்று. இவை ஒன்றோடொன்று மோதும்போது எதற்கு முதலிடம் தருவது? பால் மெக்கார்ட்னி என்ற ஆங்கிலேய இசைக்கலைஞரின் பேஸ் கித்தார் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பேஸ் கித்தார் என்பது மந்தர ஸ்தாயியில் ஒலிக்கும் நான்கு தந்திக் கருவி. மேலைநாட்டு இசைக்குழுக்களில் முன்பு இப்பணியைச் செய்தது, ஆளுயரத்திற்கு நிற்கும் டபுள் பேஸ். அதைத் தூக்கிச் செல்வது கடினம்; ஆரவாரம் மிகுந்த அரங்கில் அதன் ஒலி எடுபடுவதும் கடினம். 1930களிலேயே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார். ஆனால் அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் உலகெங்கும் பரவியது. நம் வீணையில் மெட்டுகள் இருப்பது போல அதன் கழுத்திலும் மெட்டுகள் உண்டு. ஆகவே சுருதி பிசகாமல் வாசிக்கலாம். துல்லியம் என்னும் பொருள்படும் பெயர் அதற்கு அமைந்த காரணமும் இதுவே.

ஒலி எவ்வாறு பெருகுகிறது? தந்திகளின் கீழே பிக்கப் என்ற சிறு உறுப்பு இருக்கிறது. அதில் ஒரு காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செப்புக்கம்பியும் உள்ளன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. கம்பிச்சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதனைப் பன்மடங்காக்கித் தருகிறது.

இனி ஜெர்மனிக்கு வருவோம். கார்ல் ஹோஃப்னர் 1887இல் தொடங்கிய தொழிலகம் வயலின் செய்வதில் பெயர் பெற்றது. அது இருந்த ஷோன்பாக் என்ற ஊர் இன்று செக் நாட்டில் உள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டனர். ஹோஃப்னர் குடும்பத்தாரும் பவேரியாவில் தங்கள் தொழிலை மீண்டும் நிறுவினர். 1950களின் நடுவில் அவர்கள் ஒரு பேஸ் கித்தார் செய்ய முனைந்தபோது, கைப்பழக்கமான வயலின் உருவமே அதற்கும் அமைந்தது. உள்ளே கூடாக இருந்ததால் எடை குறைவு. ஃபெண்டரில் தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். இதிலோ ஏறத்தாழ 30 அங்குலந்தான். 500/1 என்பது இதன் எண்.

1961இல் பீட்டில்ஸ் குழு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாசித்துக்கொண்டிருந்தது. அக்குழுவில் பேஸ் வாசித்தவர் விலகியதால் அப்பொறுப்பு மெக்கார்ட்னியிடம் வந்தது. ஃபெண்டர் வாங்க அவரிடம் பணமில்லை. சுமார் 30 பவுனுக்கு ஹோஃப்னர் கிடைத்தது. அவர் இடக்கையால் வாசிப்பவர். இக்கருவியின் இருபுறமும் ஒத்த வடிவம் அவருக்குப் பிடித்திருந்தது. குழுவின் தொடக்ககால இசைத்தட்டுகளில் நாம் கேட்கும் மந்தர ஒலி இக்கருவியினுடையது.

ஓயாத பயணத்தில் கருவி தேய்ந்தது. 1964 வாக்கில் அதற்குப் புதிய வார்னிஷ் பூசினார்கள். இரு பிக்கப்புகளையும் ஒரே மரச்சட்டத்தில் பொருத்தினார்கள். இன்றைய சேகரிப்பாளர் ஒருவரிடம் இத்தகைய கருவியைப் பெயர் சொல்லாமல் காட்டினால் முகம் சுளிப்பார். ஏனெனில், மறுபூச்சு கண்ட பழங்கித்தாரின் விலை பெரிதும் குறைந்துவிடும் என்பது அந்தச் சந்தையின் வழக்கம்.

1972 அக்டோபரில், லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் நின்றிருந்த ஒரு வேனிலிருந்து இக்கருவி களவுபோயிற்று. ஐம்பது ஆண்டுகளாகத் தடயமில்லை. 2023 செப்டம்பரில் தேடுவோர் சிலர் உலகறிய வேண்டுகோள் விடுத்தனர். அதன் பயனாக, இங்கிலாந்தின் தென்கரையில் சசெக்ஸ் வட்டாரத்து வீடு ஒன்றின் பரணிலிருந்து அது வெளிப்பட்டது. 2024 பிப்ரவரியில் அது உரியவரிடம் சேர்ந்த செய்தி வெளியிடப்பட்டது.

அது மெக்கார்ட்னியின் கருவியேதான் என்று சொல்ல எது உதவியது? சேகரிப்பாளர் குறையென்று தள்ளும் அந்த மாற்றங்கள்தாம்! ஹோஃப்னர் தொழிலகத்திலிருந்து ஒரே அச்சில் பல கருவிகள் வெளிவந்தன. ஆனால் அந்தப் பூச்சும் அந்த மரச்சட்டமும் பழைய புகைப்படங்களில் காணும் இக்கருவிக்கே உரியவை. ஒரு மனிதரை அவர் தழும்பைக் கொண்டு அடையாளம் காண்பது போன்றது இது.

கருவி முழுமையாக இருந்தது. அதன் பெட்டியும் உடன் கிடைத்தது. ஆயினும் பழுதுபார்க்காமல் வாசிக்க இயலாத நிலை. பரணின் வெப்பமும் குளிரும் மரத்திற்குப் பகை. மரம் விரிந்து சுருங்கும்போது பசையிட்ட மூட்டுகள் விடும். தந்தியின் இழுவையால் கழுத்து வளையும். தந்தியைத் தாங்கும் குதிரை கோணும். பிக்கப்பின் மெல்லிய கம்பி அறுந்தால் ஒலியே வராது.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்வி மீண்டும் எழுகிறது. கருவியைத் தொடாமல் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பதா? பழுதுபார்த்து வாசிப்பதா? மாற்றும் ஒவ்வோர் உறுப்போடும் வரலாற்றுச் சான்றில் ஒரு துளி கழிகிறது என்பார் காப்பாளர். அதை மறுப்பதற்கில்லை. ஒரே ஒரு சான்றாக எஞ்சியிருக்கும் பொருளானால் அவர் பக்கமே நாம் நிற்க வேண்டும். ஆனால் இந்தக் கருவியின் வரலாறே பயன்பாட்டின் வரலாறு அல்லவா? தேய்ந்தபோதெல்லாம் செப்பனிட்டு வாசிக்கப்பட்டது அது. 2024இல் நடந்த பழுதுபார்ப்பு அந்த வரலாற்றின் அடுத்த வரியே தவிர, அதற்கு ஊறு அன்று. எதை மாற்றினோம் என்று எழுதிவைத்து, கழற்றிய உறுப்பையும் காத்துவைத்தால் காப்பாளரின் கவலைக்கும் விடை கிடைத்துவிடும்.

2024 டிசம்பர் 19ஆம் நாள், லண்டன் ஓ டூ அரங்கில், 82 வயது மெக்கார்ட்னி அக்கருவியைத் தோளில் மாட்டி வாசித்தார். களவுபோய் 52 ஆண்டுகள் கழிந்திருந்தன.

நம் வீடுகளிலும் தாத்தா வாசித்த ஆர்மோனியமோ, பாட்டியின் வீணையோ மூலையில் கிடக்கலாம். அதை எடுத்துப் பளபளப்பாக்கும் முன், அதிலுள்ள கீறல்களையும் ஒட்டுகளையும் ஒருமுறை கூர்ந்து பாருங்கள். அது யாருடையது என்று சொல்லக்கூடியவை அவையாகவே இருக்கலாம். பிறகு, தகுந்த கைவினைஞரிடம் கொடுத்து அதைப் பேச வையுங்கள்.