மணக்காத மெழுகு: 3300 வருஷத்துப் பஞ்சாயத்து

எகிப்துக் கல்லறை ஓவியங்கள்ல தலைமேல கூம்பு வச்ச ஆட்களைப் பார்த்திருப்பீங்க. அது வாசனைக் கொழுப்பு, விருந்து நடக்க நடக்க உருகி வழிஞ்சு தலையெல்லாம் மணக்கும் என்றுதான் பலரும் எழுதி வந்தார்கள். ஆனா 2010 வரைக்கும் நிஜக் கூம்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அது வெறும் ஓவியச் சமாச்சாரம் என்றவர்களும் உண்டு.

கடைசியில் கிடைத்தது. மன்னன் அகெனாதென் கட்டிய தலைநகரமான அமர்னாவில், சாமானியர்களைப் புதைத்த இடத்தில், 2010-லும் 2015-லும் இரண்டு எலும்புக்கூடுகளின் தலையில்! 2019-ல் ஆய்வு முடிவு வெளியானது. கொழுப்பு இல்லீங்க, மெழுகு. அநேகமாகத் தேன்மெழுகு. வாசனைப் பொருள் எதுவும் அதில் தென்படவில்லை.

ஆவியாகிப் போச்சா? போயிருக்கலாம். 3300 வருஷம் எந்த அத்தர் தாங்கும்? ஆனா இடிக்கிற விஷயம் வேற. தேன்மெழுகு உருக 62 டிகிரியாவது வேணும். நம்ம உடம்புச் சூடு 37-தான். உருகாத மெழுகு வாசனையை லேசில் வெளியே விடாது. ஆக, வழிஞ்ச கதை சந்தேகம்தான். இறந்தவருக்கான சமயச் சடங்கு அடையாளமா இருக்கலாம்னு ஆய்வாளர்கள் யூகிக்கிறாங்க.

பெரிய இடத்து ஓவியங்களில் பார்த்த கூம்பு, இருபதுகளில் செத்துப்போன ஒரு சாதாரணப் பெண்ணின் தலையில் இருந்திருக்கு பாருங்க... மணத்தைவிட எனக்கு அதுதான் ஆச்சரியம்.