அபினும் பச்சிலையும்



ஒலுவிலில் 2013ஆம் ஆண்டு துறைமுகம் திறக்கப்பெற்றது. ஆயின் அதற்கு நெடுங்காலம் முன்னரே கடல்வழியாக இத்தீவை வந்தடைந்த பண்டங்கள் பல. அவற்றுள் அபினும் ஒன்று. புற்றுநோயின் வேதனையைத் தணிப்பதில் இன்றும் முதலிடம் பெறுவது அதன் சத்தேயாகும்.

நொச்சியும் ஆமணக்கும் நம் வேலியோரத்துச் செடிகள். நொச்சியிலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தலும், தைலம் பூசுதலும், பற்றுப் போடுதலும் நம் பரிசாரிமார் வழிவழியாகக் கையாண்டவை. அபின் தரும் கசகசாச் செடியோ இம்மண்ணின் பயிரன்று. ஏடனிலிருந்தும் கம்பாயிலிருந்தும் அபின் வாணிகப் பொருளாகச் சென்றதைப் போர்த்துக்கீசரான பர்போசா 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறித்துள்ளார். கடும் நோவுக்கு அபின் உதவும் என்பதையும், அளவு மீறின் அது உயிரைப் போக்கும் என்பதையும் 1037இல் மறைந்த இப்னு சீனா தம் மருத்துவ நூலில் எழுதிவைத்தார். யூனானி வைத்தியம் அவ்வறிவைப் போற்றிக் காத்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்த்தூர்னர் என்னும் ஜெர்மானியர் அபினிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தார். அதன்பின் மருந்தின் அளவைத் திட்டமாக வகுத்துக் கொடுக்க இயன்றது. அதே நூற்றாண்டில் அபின் வாணிகம் பல நாடுகளைச் சீரழித்தமையால் கட்டுப்பாடுகள் பிறந்தன. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அபினை அரசின் கட்டுப்பாட்டில் வைத்தது. சட்டம் தேவையே. ஆயினும் அதனோடு வளர்ந்த அச்சம் நோயாளியின் படுக்கை வரை சென்றுவிட்டது. “மோர்பின் கொடுத்தால் முடிவு நெருங்கிவிட்டது” என்று கலங்கி, வேதனையை வாய்மூடிப் பொறுப்போர் எத்தனை பேர்!

நோவு தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை என்று 1961ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையே ஒப்புக்கொண்டது. 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வேதனைக்குப் படிமுறை வகுத்து, கடும் நோவுக்கு மோர்பினை விதித்தது. மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை.

அவ்வாறாயின் பச்சிலைக்கு இடமில்லையா? உண்டு, ஆனால் அது துணைவனின் இடம். ஒத்தடம் தசைப்பிடிப்பைத் தளர்த்தும். மிளகாயின் காரச்சத்துச் சேர்ந்த களிம்பு சிலவகை நரம்பு நோவுக்குப் பயன்படுகின்றது. மோர்பினால் வரும் மலச்சிக்கலுக்கு, பழைய நிலாவாரையே மருத்துவமனைகளிலும் மாத்திரையாக வழங்கப்படுகின்றது. எனினும் புண்பட்ட இடத்திலும், கதிர்ச் சிகிச்சை பெற்ற தோலிலும் மருத்துவரைக் கேளாமல் எதனையும் பூசலாகாது. எலும்பைக் குடையும் நோவைத் தைலம் ஒன்றே தணிக்கும் என்று நம்பி மோர்பினை மறுத்தல் நோயாளிக்கு இழைக்கும் கொடுமையாகும்.

இல்லத்தில் ஒருவர் இந்நோயால் துன்புறின், பூசிவரும் தைலத்தை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நோவின் அளவையும் மறைக்காமல் சொல்லுங்கள். தைலம் தடவும் கை அன்பின் கை. அந்த அன்பே மோர்பினையும் வேண்டிக் கேட்கட்டும்.