கவுனின் இடுப்பு மேலே ஏறிய கதை

இன்றைய மாலை விருந்து கவுன்களில் ஒரு வகையைப் பார்த்திருப்பீர்கள். மார்புக்குக் கீழேயே இடுப்புக்கோடு. அங்கிருந்து துணி நேராகத் தரைவரை விழும். 'எம்பயர்' என்பார்கள், பிரெஞ்சில் 'ஆம்பீர்'. நெப்போலியனின் பேரரசுக் காலத்தைக் குறிக்கும் பெயர்.

கதை அதற்கும் முன்பே தொடங்குகிறது. 1783இல் விழே லெ புரூன் என்ற பெண் ஓவியர், ராணி மரி அந்துவானெத்தை வெள்ளை மஸ்லின் உடையில் வரைந்து பாரீஸ் கண்காட்சியில் வைத்தார். ராணி உள்ளாடையோடு நிற்பதாக ஊரே முகம் சுளித்தது. அயல்நாட்டுத் துணி உடுத்திப் பிரெஞ்சுப் பட்டுத் தொழிலைக் கெடுக்கிறார் என்ற பழி வேறு. படத்தை எடுத்துவிட்டு, பட்டு உடையில் இன்னொன்றை மாட்டினார்கள்.

1793இல் ராணியின் தலை போயிற்று, மஸ்லின் போகவில்லை. பழைய கிரேக்கச் சிலைகளைப் பார்த்து இடுப்பை மேலே ஏற்றி, பழித்த ஊரின் பெண்களே அதை உடுத்தினார்கள். ழொசெஃபீனும் அவர்களில் ஒருவர். மிக நயமான மஸ்லினுக்குப் பெயர்போனவை வங்காளத் தறிகள்.

நெப்போலியனுக்கோ லியோன் நெசவாளர் பிழைக்க வேண்டும். அரசவையில் பட்டே உடுத்தச் சொன்னார். பட்டு வந்தது, உயர்ந்த இடுப்பு அப்படியே நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போல் புவாரே அதே வடிவத்தை மறுபடி கொண்டுவந்தார்.

உங்கள் பேத்தி வரவேற்பு மேடையில் அப்படியொரு கவுனில் நின்றால், 'இதென்ன புது நாகரிகம்?' என்று கேட்காதீர்கள். அதற்கு வயது 200க்கு மேல்.